குரலுக்குக் கூலி: பொது ஒலிபரப்பில் ஊதியமும் கணக்கும்

1980களின் நடுப்பகுதி வரை, வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கொரு முறை அஞ்சலகத்துக்குப் போய் உரிமக் கட்டணம் கட்டி, சிறு புத்தகம் போலிருந்த உரிமத்தில் அதற்குரிய வில்லையை ஒட்டி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பெட்டி வைத்திருப்பதே குற்றம். அந்தப் பணம் சட்டத்தின் கண்ணில் மைய அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போனது. என்றாலும், சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் இருந்துகொண்டு சென்னை நிலையத்தைக் கேட்ட ஒருவர், அங்கே செய்தி வாசிப்பவரின் சம்பளத்தில் தம்முடைய காசும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள அந்த முத்திரை ஒன்றே போதுமான சான்றாக இருந்தது. உரிமக் கட்டணம் நீக்கப்பட்டபோது மக்களுக்கு ஒரு தொல்லை தீர்ந்தது. கூடவே, கேட்பவருக்கும் ஒலிபரப்புபவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த ஒரே பணத்தொடர்பும் அறுந்துபோனது. இன்றும் பணம் கொடுப்பவர் அதே கேட்பவர்தான் என்றாலும், அது வரியாகப் புறப்பட்டு, நிதியமைச்சகம், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், மானியத் தலைப்பு என்று பல கை மாறிப் போய்ச் சேர்வதால், யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கும் எண்ணமே பலருக்கு எழுவதில்லை.

பொதுச்சேவை ஒலிபரப்பு என்பது, விளம்பரதாரரின் லாபத்துக்காகவோ ஆளும் கட்சியின் புகழுக்காகவோ அல்லாமல், பொதுமக்களின் பணத்தில் பொதுமக்களுக்காக நடத்தப்படும் வானொலியையும் தொலைக்காட்சியையும் குறிக்கும். அதில் ஊதிய வெளிப்படைத்தன்மை என்று சொல்லும்போது, யாருக்கு, எந்த வேலைக்கு, எந்த விதிப்படி, எவ்வளவு தரப்படுகிறது என்பதைக் கேட்காமலே தெரியும்படி வைப்பதைக் குறிக்கிறோம்; பொறுப்புடைமை என்பது, அப்படித் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருப்பதைக் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டாலும் ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்க முடியும் என்பதை ஆகாசவாணி என்னும் அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷன் தொலைக்காட்சியையும் நடத்தும் இந்தியாவின் பிரசார் பாரதியைப் போலத் தெளிவாகக் காட்டும் நிறுவனம் வேறில்லை.

சென்னை ஒலிபரப்பின் தொடக்கமே பணச் சிக்கலில் பிறந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924இல் தொடங்கிய சென்னை மாகாண வானொலி மன்றம், நிதியில்லாமல் 1927இல் ஒலிபரப்பை நிறுத்தி, தன் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. இடைப்பட்ட அந்த எட்டாண்டுக் காலத்தில் வானொலிச் செலவு என்பது தெருவிளக்குச் செலவைப் போல மாநகராட்சிக் கணக்கின் ஒரு பகுதியாக, மாமன்ற உறுப்பினர் எழுந்து கேட்கக்கூடிய ஒன்றாக இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். கேட்பவருக்கு இவ்வளவு அருகில் வானொலிக் கணக்கு பிறகு ஒருபோதும் வந்ததில்லை.

1990இல் நாடாளுமன்றம் இயற்றிய பிரசார் பாரதிச் சட்டம் ஏழாண்டுகள் கிடப்பில் கிடந்து, 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 23 முதல் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் தன்னாட்சிக் கழகம் ஒன்றின் கீழ் வந்தன. தன்னாட்சி என்ற சொல்லுக்கு ஊதியப் பட்டியலில் என்ன பொருள் என்பதில்தான் குழப்பம் தொடங்கியது. ஊழியர்கள் அரசு ஊழியர் என்ற தகுதியை விட விரும்பவில்லை, அவர்கள் விரும்பாததில் வியப்பும் இல்லை. நீண்ட இழுபறிக்குப் பின் 2012இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 2007 அக்டோபர் 5 வரை பணியில் சேர்ந்தவர்கள் அனைவரும் கழகத்துக்கு அயற்பணியில் வந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று முடிவுகட்டியது. அயற்பணி என்பது, ஒரு துறையின் ஊழியர் தன் தாய்த்துறையின் தகுதியையும் உரிமையையும் இழக்காமல் வேறோர் அமைப்பில் வேலை செய்வது. இங்கே ஒரு நிறுவனத்தின் ஊழியர் கூட்டமே தன் சொந்த நிறுவனத்துக்கு அயற்பணியில் வந்ததாகச் சட்டம் கற்பனை செய்துகொண்டது. அதே 2012இல், அவர்களுடைய சம்பளச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று மைய அமைச்சரவை முடிவெடுத்தது.

சம்பளத்தை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரே முதலாளி என்பது ஊரறிந்த உண்மை. 2018இன் தொடக்கத்தில், ஊழியர் சம்பளத்துக்கான பணத்தை அமைச்சகம் விடுவிக்கவில்லை என்றும், கழகம் தன் கையிருப்பிலிருந்து கொடுக்க நேர்ந்தது என்றும் பிரசார் பாரதியின் அப்போதைய தலைவர் ஏ. சூர்யபிரகாஷ் வெளிப்படையாகவே குறைகூற, அமைச்சகம் அதை மறுத்து, மானியம் பெறும் அமைப்பு கையெழுத்திடவேண்டிய புரிந்துணர்வு ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டியது. அதே பிப்ரவரியில் நடந்த வாரியக் கூட்டத்தில், தூர்தர்ஷன் செய்திக்கும் ஆகாசவாணிச் செய்திக்கும் வெளியிலிருந்து இரண்டு இதழாளர்களை, ஒருவருக்கு ஆண்டுக்கு 1 கோடி ரூபாய், மற்றவருக்கு 75 லட்சம் ரூபாய் என்ற ஊதியத்தில் அமர்த்தும் முன்மொழிவு வந்து, வாரியத்தால் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தொகைகள் பொதுமக்களுக்குத் தெரியவந்தது கழகம் வெளியிட்ட பட்டியல் எதிலிருந்தும் அல்ல. வாரியத்துக்கும் அமைச்சகத்துக்கும் சண்டை வந்ததால் அவை நாளிதழ்களில் கசிந்து வந்தன. வீட்டுச் சண்டையில்தான் வீட்டுக்கணக்கு தெருவுக்கு வருகிறது.

நிரந்தர ஊழியரைப் பொறுத்தவரை இந்தியப் பொது ஒலிபரப்பு உலகின் எந்த ஒலிபரப்பு நிறுவனத்துக்கும் குறையாத வெளிப்படைத்தன்மை கொண்டது என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் அதுவே உண்மை. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பே மேட்ரிக்ஸ், அதாவது நிலைகளையும் ஆண்டு உயர்வுகளையும் கட்டம் கட்டமாகக் காட்டும் அட்டவணை, முதல் நிலையில் மாதம் 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கிப் பதினெட்டாம் நிலையில் 2,50,000 ரூபாயில் முடிகிறது. ஒரு நிகழ்ச்சி நிர்வாகியின் நிலையும் பணிக்காலமும் தெரிந்தால் அவருடைய சம்பளத்தைத் தெருமுனைக் கடைக்காரரும் கணக்குப் போட்டுவிட முடியும். இதற்கு மேலாக, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் 4(1)(ஆ) பிரிவின் பத்தாம் உட்கூறில், ஒவ்வோர் அலுவலரும் ஊழியரும் பெறும் மாத ஊதியத்தை, யாரும் கேட்கும்வரை காத்திராமல், அலுவலகமே வெளியிட்டுவைக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது.

அந்தக் கட்டளையின் எல்லை, 'அலுவலரும் ஊழியரும்' என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது. காமராசர் சாலையில் உள்ள சென்னை நிலையமானாலும் நாட்டின் வேறெந்த நிலையமானாலும், அதிகாலை நிலைய முகவுரை முதல் நள்ளிரவு நிறைவு அறிவிப்பு வரை கேட்பவரின் காதில் விழும் குரல்களில் கணிசமானவை கேஷுவல் அறிவிப்பாளர்கள், தொகுப்பாளர்கள், பகுதிநேரச் செய்தி வாசிப்பாளர்கள் ஆகியோருடையவை. அவர்கள் சட்டத்தின் கண்ணில் ஊழியர்கள் அல்லர், டியூட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்றுக்கொண்டு போகும் ஒப்பந்ததாரர்கள். குரல் தேர்வும் எழுத்துத் தேர்வும் கடந்து, பெயர் குழுப்பட்டியலில் ஏறி, புக்கிங் வரும்போது வந்து, ஒலிப்பதிவு அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு ஷிப்ட் முழுவதையும் சுமப்பவருக்கு, அந்த நிலையத்தின் ஊதியப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. ஆக, நிலையத்தின் ஊதியங்களில் எவை கேட்பவருக்கு மிகவும் நெருக்கமானவையோ அவையே பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆகாசவாணி தன் தொடக்க காலத்திலிருந்தே இசைக்கலைஞர்கள், நாடக நடிகர்கள், அறிவிப்பாளர்கள் போன்றவர்களை 'ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்' என்ற பெயரில் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு, சம்பளம் என்று சொல்லாமல் கட்டணம் என்று சொல்லிக் கொடுத்துவந்தது. கலைஞன் குமாஸ்தா அல்லன் என்ற உயர்ந்த எண்ணமும், ஓய்வூதியம் கொடுக்காமல் தப்பிக்கும் சிக்கனமும் அந்த ஏற்பாட்டில் ஒன்றாகக் கலந்திருந்தன. 1980களில் உச்ச நீதிமன்றம் இவர்களும் அரசுப் பதவி வகிப்பவர்களே என்று ஏற்றுக்கொண்டது, 1988இல் ஒய். கே. மேத்தா வழக்கில், தூர்தர்ஷனின் ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்டுகளான ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் போன்றோர், அரசின் திரைப்படப் பிரிவில் அதே வேலையைச் செய்பவர்களுக்குரிய ஊதிய விகிதத்தைப் பெறத் தகுதியுடையவர்கள் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு வெல்ல முடிந்ததற்குக் காரணம், ஒப்பிடுவதற்கு இன்னொரு பட்டியல் கையில் இருந்ததுதான். பக்கத்து அலுவலகத்தில் அதே கேமராவைத் தூக்குபவருக்கு எவ்வளவு என்று தெரியாமல், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாட்டை எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது.

ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்டுகள் நிரந்தரமானபின் அவர்கள் இருந்த இடத்தில் கேஷுவல் என்ற புதிய வகை வந்து உட்கார்ந்தது. 1992இல் தூர்தர்ஷன் வகுத்த நிரந்தரமாக்கும் திட்டம், ஓராண்டில் மொத்தம் 120 நாள் வேலை செய்த கேஷுவல் கலைஞர்களைத் தகுதியுடையவர்களாகக் கொண்டது. ஆகாசவாணியில் கேஷுவல் அறிவிப்பாளருக்கு மாதத்துக்கு ஆறு டியூட்டிக்கு மேல் கொடுப்பதில்லை என்பது நெடுங்கால வழக்கம். ஆறைப் பன்னிரண்டால் பெருக்கினால் 72. யாருடைய உள்நோக்கத்தையும் பற்றிப் பேசத் தேவையில்லை, 72 ஒருபோதும் 120 ஆகாது என்பதே போதும். 2006இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு, முறையான தேர்வின்றி உள்ளே வந்தவர்கள் நீண்டகாலம் வேலைசெய்தார்கள் என்பதாலேயே நிரந்தரம் கேட்க முடியாது என்று கதவைச் சாத்தியது; 2016இல் பஞ்சாப் மாநில அரசுக்கும் ஜக்ஜீத் சிங்குக்கும் இடையிலான வழக்கின் தீர்ப்பு, தற்காலிக ஊழியரானாலும் அதே வேலைக்கு அதே அடிப்படை ஊதியம் என்று ஒரு சாளரத்தைத் திறந்தது. இவற்றுக்கு நடுவே நிற்கும் ஒருவர் எத்தனை நாள், எத்தனை மணி, என்ன கட்டணத்தில் வேலை செய்தார் என்பதற்கான ஆதாரம் முழுவதும் நிலையத்தின் டியூட்டிப் பதிவேட்டில் இருக்கிறது, அவர் கையில் இல்லை.

இசைக்கலைஞர்கள் விஷயத்தில் மட்டும் ஆகாசவாணி வேறொரு வழியில் போனது. 1950களில் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது நிலைபெற்ற தேர்வு முறையில், ஒவ்வொரு கலைஞருக்கும் பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று ஒரு தரம் வழங்கப்பட்டு, தரத்துக்கேற்பக் கட்டணம் வகுக்கப்பட்டது. அந்தத் தரம் ரகசியமாக இருக்கவில்லை. சபா அழைப்பிதழில், கோயில் திருவிழா நோட்டீஸில், ஜாதகம் போலக் கொடுக்கப்படும் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பில், 'வானொலி ஏ கிரேடு' என்ற சொல் பட்டம் போல அச்சாகிறது. கட்டணத்தின் தொகை தெரியாதவருக்கும் வரிசை தெரியும் என்பதால், யார் யாருக்கு மேல், ஏன் மேல் என்ற விவாதம் சபா வாசலிலேயே நடந்துவிடும். தேர்வாளர்களைப் பற்றிய புகார்களும் அந்த வாசலில்தான் பிறந்தன. அது ஒன்றும் குறைபாடல்ல, விதி தெரிந்திருந்ததன் விளைவு.

கலைஞரின் பெயரையும் கூலியையும் பொதுவில் வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டை ஒட்டிய, அதாவது 1014 வாக்கிலான கல்வெட்டு, கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை ஒருவர் விடாமல் பட்டியலிடுகிறது: எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (வரிசையில்), எத்தனையாவது வீடு, பெயர் என்ன, பங்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு பங்கு என்பது ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆட்டம் பயிற்றுவித்த நட்டுவருக்கு இரண்டு பங்கு. ஒருவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அந்தப் பங்கு அடுத்த உறவினருக்குப் போகவேண்டும், உறவினர் தகுதியற்றவரானால் தகுதியுள்ளவரை அமர்த்தவேண்டும் என்ற விதியும் கூடவே வெட்டப்பட்டிருக்கிறது. இதை மக்களாட்சி என்று கொண்டாடுவது அபத்தம், அந்தப் பெண்கள் பல ஊர்களிலிருந்து அரசன் ஆணையால் கொண்டுவரப்பட்டவர்கள், சுவர் அரசனின் புகழைப் பேசுவதற்காகவே எழுதப்பட்டது. ஆனாலும், எழுத்தறிந்த யாரும் அந்தத் திருச்சுற்றில் நின்று, தென்சிறகின் முதல் வீட்டுக்காரிக்கும் பத்தாம் வீட்டுக்காரிக்கும் ஒரே நூறு கலம்தான் என்பதைப் படித்துவிட முடிந்தது என்பது சிறிய விஷயமல்ல.

மேற்கு நாடுகளில் இந்த விவாதம் எதிர்முனையிலிருந்து தொடங்கியது. உரிமக் கட்டணம் இன்றும் கட்டப்படும் பிரிட்டனில், 2016ஆம் ஆண்டின் அரச சாசனம் கட்டாயப்படுத்தியதால், 2017 ஜூலையில் பிபிசி ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேல் பெறும் 96 நிகழ்ச்சிக் கலைஞர்களின் பெயர்களை வெளியிட்டது. முதலிடத்தில் இருந்த கிறிஸ் எவன்ஸ் 22 லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றார், பெண்களில் முதலிடத்தில் இருந்த கிளாடியா விங்கிள்மன் 5 லட்சத்தைத் தொடவில்லை. பேராசையை அம்பலப்படுத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட பட்டியல் ஆண் பெண் வேறுபாட்டை அம்பலப்படுத்தியது. சீனப் பிரிவு ஆசிரியர் கேரி கிரேசி இதை எதிர்த்து 2018 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார், 2020 ஜனவரியில் தொகுப்பாளர் சமீரா அகமது, தம் நிகழ்ச்சிக்கு 440 பவுண்டும் ஒத்த நிகழ்ச்சி நடத்திய ஆணுக்கு 3,000 பவுண்டும் கொடுத்ததைக் காட்டித் தீர்ப்பாயத்தில் வென்றார். வழி கண்டுபிடிப்பவர்களும் இருந்தார்கள்: தயாரிப்புக் கிளை நிறுவனத்தின் வழியாகக் கொடுக்கப்படும் ஊதியம் அடுத்த ஆண்டே பட்டியலிலிருந்து காணாமல் போனது. அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ, தன் முதன்மைத் தொகுப்பாளர் ஒருவருக்கு 2017 முதல் 2022 வரை கொடுத்ததில் 3,45,000 யூரோவைக் குறைத்து அறிவித்திருந்தது 2023 ஜூனில் வெளிப்பட்டபோது, பட்டியல் ஒன்று இருப்பதாலேயே அது உண்மை பேசும் என்பதற்கில்லை என்பது தெளிவானது.

இந்தியாவின் நிலை இதற்கு நேர் மாறானது. இங்கே தகவல் உரிமை என்ற கோரிக்கையே மேல்தட்டுச் சம்பளத்தைப் பார்க்க எழுந்ததல்ல. இராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில், பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்காதபோது, மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு மஸ்டர் ரோல் என்னும் கூலிப்பட்டியலைக் காட்டச் சொல்லி, 1994 டிசம்பரில் தொடங்கிய மக்கள் விசாரணைகளில் அதை ஊர் நடுவே உரக்கப் படித்தது. செத்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி போயிருந்தது அங்கேதான் தெரிந்தது. அந்த வழியில் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் கீழ், குன்றத்தூர் ஒன்றியத்தின் கிராமங்களில் ஏரிக்கரையில் மண் சுமந்த பெண்ணின் பெயரும் நாளும் கூலியும் உலகம் முழுவதற்கும் தெரியும்படி இணையத்தில் ஏற்றப்பட்டன. அதே பொதுப்பணத்தில் வானொலியில் பேசியவரின் நாளும் கூலியும் ஏற்றப்படவில்லை. முன்னவருக்குத் தனியுரிமை இல்லை என்றும் பின்னவருக்கு மட்டும் உண்டு என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூலிக்கு விதி இருந்தது, கட்டணத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

தனியுரிமை என்ற சொல் இப்போது கனத்துவிட்டது. 2012 அக்டோபரில் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில், அரசு ஊழியர் ஒருவரின் பணிக் குறிப்பாணைகளும் சொத்து விவரமும் வருமான வரிக் கணக்கும் தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது முதல், தகவல் அலுவலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) என்ற விலக்குப் பிரிவைக் கேடயமாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவில் பொதுநலனைச் சீர்தூக்கிய வரியை வெட்டிவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கியது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் மேலோங்கும்போது வெளியிடலாம் என்ற 8(2) பிரிவும், ஊதியத்தைத் தாமாக வெளியிடும் கடமையும் நீங்கவில்லை. என்றாலும், மறுக்க விரும்பும் அலுவலருக்கு வேலை எளிதாகிவிட்டது.

பட்டியலை விடுத்துப் பொறுப்புடைமைக்கு வந்தால், வெற்றிடம் இன்னும் பெரியது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒன்று கழகத்தைக் கண்காணிக்கவேண்டும் என்கிறது. 14ஆம் பிரிவு, பொதுமக்களின் புகார்களைக் கேட்க ஒலிபரப்பு மன்றம் ஒன்றை அமைக்கச் சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்தும் இரண்டும் உருப்பெறவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கை நடக்கிறது, அறிக்கை அவைகளில் வைக்கப்படுகிறது, ஆனால் அது பணம் போன வழியைப் பார்ப்பது, யாருக்கு எவ்வளவு நியாயம் என்று பார்ப்பதல்ல. 2010 காமன்வெல்த் விளையாட்டு ஒளிபரப்புக்காகக் கழகம் 246 கோடி ரூபாய்க்கு அளித்த ஒப்பந்தம், அப்படியே வேறொரு நிறுவனத்துக்கு 177 கோடிக்குக் கைமாறியது விசாரணைக்கு உள்ளானபோது, சம்பளப் பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் நாட்டில் ஒப்பந்தப் பட்டியலை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. கழகத்தைப் பற்றி 2014 ஜனவரியில் அறிக்கையளித்த சாம் பிட்ரோடா குழு, செலவில் பெரும்பகுதி ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் போக, நிகழ்ச்சிக்குச் சுமார் 15 விழுக்காடே மிஞ்சுவதைச் சுட்டிக்காட்டி, அதை 50 விழுக்காடாக உயர்த்தச் சொன்னது. கேஷுவல் அறிவிப்பாளரின் கட்டணம் அந்தச் சிறு பங்குக்குள் அடங்கும் ஒன்று என்பதை நினைத்தால், அவர் ஏன் எப்போதும் கடைசியில் நிற்கிறார் என்பது விளங்கும்.

கணக்குக் காட்டும் கடமையும் இங்கே பழையதுதான்: காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூருக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரை மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்குப் பெயரிடக் கூடாது என்று விலக்கியது. கண்காணிக்கவேண்டிய வாரியத்தையே அமைக்காமல் விட்டால் என்ன செய்வது என்று அந்தச் சபையாருக்கு யோசிக்க நேரவில்லை.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு யாருடைய பெயரும் தேவையில்லை. ஒரு நிலையம், ஒரு நிதியாண்டு என்று வரையறுத்துக்கொண்டு, குழுப்பட்டியலில் உள்ள கேஷுவல் அறிவிப்பாளர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், ஒரு டியூட்டிக்குக் கட்டணம் எவ்வளவு, அது கடைசியாக உயர்த்தப்பட்டது எந்தச் சுற்றறிக்கையால், மொத்த ஒலிபரப்பு நேரத்தில் அவர்கள் சுமந்தது எத்தனை மணி, நிலுவையில் உள்ள தொகை எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், இவற்றில் எதுவும் தனிப்பட்ட தகவல் ஆகாது. எனவே மாற்றப்பட்ட விலக்குப் பிரிவும் இங்கே உதவாது. மைய அரசு அலுவலகம் என்பதால் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். அந்தப் பத்து ரூபாய்க்கான அஞ்சல் ஆணையை, முன்பு வானொலி உரிமத்துக்கு வில்லை ஒட்டிக் கொடுத்த அதே அஞ்சலக வரிசையில் நின்றுதான் வாங்கவேண்டும்.